முட்டை பொரிய ஐந்து கிலோமீட்டர்

அத்திப்பள்ளி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது என் முட்டை பொரிந்தது. போக்கிமான் கோ விளையாட்டில் முட்டை பொரிய வேண்டுமென்றால் நடக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் முட்டை, ஐந்து கிலோமீட்டர் முட்டை, பத்து கிலோமீட்டர் முட்டை என்று வகை உண்டு. வண்டியில் உட்கார்ந்துகொண்டு ஏமாற்றக் கூடாது என்பதற்காக மணிக்குச் சுமார் பத்தரை கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தூரம் கணக்கில் ஏறாதபடி வைத்திருக்கிறார்கள். சூசூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில் எங்கள் பஸ் அந்த வேகத்தைத் தாண்டவேயில்லை. ஆக, உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். பக்கத்து சீட்டு பெரியவர் எட்டிப் பார்த்து, "என்னாப்பா அது, கோழிக்குஞ்சா?" என்றார். ஆமாங்க என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும்தான்.

அன்றைக்கு நான் போய்க்கொண்டிருந்தது கப்பன் பார்க்குக்கு. 2018 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளை கம்யூனிட்டி டே என்று வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு ஜந்து அந்த மூன்று மணி நேரமும் கொட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பிடிக்க ஒரு வளர்ந்த ஆள், கான்ட்ராக்ட் தொழிலாளி, ஓவர்டைமை விட்டுவிட்டு ரெண்டு பஸ் மாறிப் போகிறான். ஏன்? இந்தக் கேள்வியை என் அம்மா கேட்டிருக்கிறார், சூப்பர்வைசர் கேட்டிருக்கிறார், நானும் கேட்டிருக்கிறேன். ஆரம்பித்தது ஏன் என்பதற்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். விடாமல் ஆடுவது ஏன் என்பதுதான் கஷ்டம். இதைப் பற்றி எழுதுகிற பெரும்பாலானவர்கள் முதல் கேள்விக்கான பதிலையே இரண்டாவதற்கும் போட்டு முடித்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆரம்பித்தது இப்படி. 2016 ஜூலையில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விளையாட்டு வெளியானது. இங்கே முறையாக வந்தது டிசம்பர் 14 அன்று, ரிலையன்ஸ் ஜியோவோடு கூட்டுச் சேர்ந்து. நடுவிலிருந்த ஐந்து மாதமும் நாங்கள் ஏபிகே ஃபைலை ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் ஷேர்இட்டில் வாங்கிப் போட்டு ஆடினோம். அந்த செப்டம்பரில்தான் ஜியோ சிம் வந்தது, டேட்டா இலவசம். அந்த இலவச டேட்டா இல்லையென்றால் ஊத்தங்கரையில் ஒருத்தனும் இதைத் தொட்டிருக்க மாட்டான். கூடவே, கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்த பிக்காச்சுவும் சிப்ஸ் பாக்கெட்டில் கிடைத்த டாசோ வில்லைகளும் மண்டைக்குள் இருந்தன. பழைய பாசம், ஓசி நெட், கூட ஆட நாலு பேர். இது மூன்றும் இருந்தால் யாரும் ஆரம்பிப்பார்கள்.

ஃபின்லாந்து ஆய்வாளர்கள் சிலர் 2,612 ஆட்டக்காரர்களிடம் கேட்டு 2019-இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. மக்கள் ஆரம்பித்தது போக்கிமான் பற்றிய முன் அனுபவத்தாலும் நண்பர்களாலும். தொடர்ந்தது முன்னேற்றத்தால், அதாவது லெவல் ஏறுவது, சேகரம் நிறைவது, ஆட்டத்தில் புதிதாக ஏதாவது வந்துகொண்டே இருப்பது. விட்டது ஆடுவதில் வந்த சிக்கல்களால். ஆக்மென்டட் ரியாலிட்டி, தமிழில் மிகை மெய்ம்மை என்கிறார்களே, அதற்கு இதில் பெரிய பங்கு இல்லை.

ஆடுகிறவர்களுக்கு இது செய்தியே கிடையாது. கேமரா வழியாகப் பார்த்தால் டீக்கடை பெஞ்சு மேல் பிக்காச்சு உட்கார்ந்திருக்கும் என்று விளம்பரத்தில் காட்டினார்கள். நாங்கள் முதல் வாரம் அதைப் பார்த்து, ஆளுக்கு ரெண்டு போட்டோ எடுத்து, அப்புறம் அந்தப் பொத்தானை அணைத்தோம். பேட்டரி தின்னும், பந்தும் குறி தவறும். அப்படியென்றால் மிகை மெய்ம்மை இந்த ஆட்டத்தில் எங்கே இருக்கிறது? கேமராவில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. நான் தினமும் கடக்கிற ரவுண்டானாவுக்கு மேல் இன்னொரு ரவுண்டானா ஒட்டப்பட்டிருக்கிறது. ஒன்றில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், மற்றதில் ஒரு நீல நிற வட்டு சுற்றுகிறது.

நடைப்பயிற்சிக்காக ஆடுகிறார்கள் என்று ஒரு வாதம் இருந்தது. டாக்டர்களெல்லாம் சந்தோஷப்பட்டார்கள். 2016 கடைசியில் பிஎம்ஜே மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆட ஆரம்பித்த முதல் வாரத்தில் நாளொன்றுக்கு சராசரியாக 955 அடி கூடுதலாக நடந்தார்கள், ஆறாவது வாரத்தில் அது பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. எட்டு மணி நேரம் லைனில் நின்று வேலை பார்ப்பவனுக்கு நடைப்பயிற்சியை ஒரு காரணமாகச் சொல்வதே கொஞ்சம் கிண்டல்தான்.

சரி, பழைய பாசம்தான் இழுத்துப் பிடிக்கிறதா? அதே நியாண்டிக் நிறுவனம் 2019 ஜூனில் ஹாரி பாட்டரை வைத்து 'விசார்ட்ஸ் யுனைட்' என்று இன்னொரு ஆட்டம் விட்டது. என் தலைமுறையில் ஹாரி பாட்டர் மேல் இருக்கும் கிறுக்கு போக்கிமானைவிட ஒரு கை கூடுதல். வரைபடமும் ஏறக்குறைய அதே. 2022 ஜனவரி 31-இல் கடையைச் சாத்தினார்கள். மைன்கிராஃப்ட் எர்த்துக்கும் அதே கதி, 2021 ஜூனில். பெரிய பெயர் இருந்தும் நிற்கவில்லை.

இதற்கு நான் கண்டுபிடித்த காரணம் சின்னது. போக்கிமான் கோவில் நீங்கள் பிடித்த ஒவ்வொன்றுக்கும் கீழே, எந்தத் தேதியில் எந்த ஊரில் பிடித்தீர்கள் என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான். ஹாரி பாட்டர் ஆட்டத்தில் மாயப்பொருளை மீட்டால் அது ஒரு பட்டியலில் போய் ஒட்டிக்கொள்ளும், எண்ணிக்கை ஏறும், உங்களுடையது என்று சொல்ல ஒன்றும் கையில் நிற்காது. இங்கேயோ என்னிடம் ஒரு பிட்ஜி இருக்கிறது. புறா மாதிரி ஒரு சாதாரணப் பறவை, தெருவுக்குப் பத்து கிடைக்கும். பலம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. இடம் நெருக்கும்போதெல்லாம் நூற்றுக்கணக்கில் தூக்கி எறிந்திருக்கிறேன், இதை மட்டும் எறிந்ததில்லை. கீழே 2016 டிசம்பர் என்று ஒரு தேதியும் ஊத்தங்கரை என்று ஒரு பெயரும் இருக்கின்றன. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். அரசு ஆஸ்பத்திரி வெளியே மாத்திரைக்கு நின்ற வரிசையில் பிடித்தது. டைரி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் பல வருட டைரி ஒன்று, நான் எழுதாமலேயே, ஒரு விளையாட்டுக்குள் சேர்ந்துவிட்டது. லெவல், பரிசு, அபூர்வ நிறம் எல்லாம் மேலே தெரிகிற காரணங்கள். விட்டுவிடலாம் என்று நினைக்கும்போது கையைப் பிடிப்பது இந்தத் தேதிகள்தான்.

அபூர்வ நிறத்தைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நேர்மையாக இருக்காது. ஷைனி என்பார்கள். ஆட்டக்காரர்கள் கூட்டாக எண்ணிப் போட்ட கணக்குப்படி சாதாரண நாளில் சுமார் 500-க்கு ஒன்று, கம்யூனிட்டி டேயில் 25-க்கு ஒன்று. லாட்டரிச் சீட்டு மனசுதான் அது. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-இலேயே தடை செய்துவிட்டார்கள், மனசை யாரும் தடை செய்யவில்லை. இந்தப் பகுதி ஆட்டத்தில் எனக்குப் பெருமை எதுவும் கிடையாது.

அமெரிக்க அறிஞர் ஷோஷனா சூபாஃப், கண்காணிப்பு முதலாளித்துவம் பற்றி 2019-இல் எழுதிய புத்தகத்தில் இந்த ஆட்டத்துக்குத் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார். அவர் சொல்வதின் சாரம்: நீ விளையாடுகிறாய் என்று நினைக்கிறாய், உண்மையில் உன்னை மேய்த்துக் கடைக்கு ஓட்டுகிறார்கள். ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் சுமார் மூவாயிரம் கடைகளை ஆட்டத்துக்குள் இடம்பெற வைத்தது. இந்தியாவில் ஜியோ கடைகளும் ரிலையன்ஸ் டிஜிட்டல்களும் போக்கிஸ்டாப் ஆயின. ஆட்டத்தை உருவாக்கிய ஜான் ஹாங்கி, பிறகு கூகுள் எர்த்தாக மாறிய கீஹோல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சூபாஃப் சொல்வதை மறுக்க முடியாது.

ஆனால் அவர் எழுதுவது மந்தையைப் பற்றி. நாங்கள் மந்தையிலேயே சேர்க்கப்படாதவர்கள். 2017-இல் வந்த ஒரு புவியியல் ஆய்வு, நகரத்தில் நிறுத்தங்கள் மொய்ப்பதையும் கிராமப்புறத்தில் வறண்டு கிடப்பதையும் அமெரிக்கத் தரவுகளை வைத்துக் காட்டியது. காரணம் எளிது. முதலில் இருந்த நிறுத்தங்கள் அதே நிறுவனத்தின் முந்தைய ஆட்டமான இன்கிரெஸ் வழியாக வந்தவை. 2012-இல் தொடங்கிய அந்த ஆட்டத்தை யார் எங்கே ஆடினார்களோ அவர்கள் பரிந்துரைத்த சிலைகள், பூங்காக்கள், சுவரோவியங்கள்தான் வரைபடமானது. ஊத்தங்கரையில் அப்போது யார் இன்கிரெஸ் ஆடினார்கள்? ஆக, எங்கள் ஊரில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நிறுத்தங்கள். கப்பன் பார்க்கில் நின்ற இடத்தில் சுற்றினால் பை நிறையும். எங்களுக்குப் பந்து தீர்ந்தால் தீர்ந்ததுதான். என்னைக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போக ஒரு கடை வேண்டுமே!

அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஏன் விடாமல் ஆட வேண்டும்? எனக்குத் தெரிந்து இங்கே நிலைத்து ஆடுகிற ஐந்தாறு பேரும் ஒரு கட்டத்தில் ஜந்து பிடிப்பதைவிட இன்னொரு வேலையில் இறங்கினவர்கள். ஊரை வரைபடத்தில் ஏற்றுகிற வேலை. உயர்ந்த லெவலுக்குப் போன ஆட்டக்காரர்கள் வேஃபேரர் என்ற தளத்தில் புதிய இடங்களைப் பரிந்துரைக்கலாம். ஒரு போட்டோ, ஒரு தலைப்பு, நாலு வரி விவரணை. மற்ற ஊர் ஆட்டக்காரர்கள் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். விதிமுறைகள் இருக்கின்றன. நிலையான பொருளாக இருக்க வேண்டும், நடந்துபோக வழி வேண்டும், தனியார் வீடு கூடாது, பள்ளிக்கூடம் கூடாது.

பள்ளிக்கூடம் கூடாது! ஊத்தங்கரை என்றால் தமிழ்நாட்டுக்கே முதலில் ஞாபகம் வருவது பள்ளிக்கூடம்தான். பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வரும் வாரத்தில் மட்டும் பேப்பரில் வருகிற ஊர் இது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகளை ஹாஸ்டலில் கொண்டுவந்து விடுவார்கள். குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு வெளியாட்களை வரவழைக்கக் கூடாது என்ற அந்த விதி நல்ல விதி, அதில் சண்டையில்லை. ஆனால் இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த ஒரே சங்கதியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று யோசித்து உட்கார்ந்தபோதுதான் நான் முதல்முறையாக ஊரைச் சுற்றிப் பார்த்தேன். பாம்பாறு அணை. ஏரிக்கரை முனியப்பன். மதில் மேல் பெயின்ட் உதிர்ந்த ஒரு ஓவியம். சந்து முனையில் பாதி புதைந்த நடுகல்.

இந்த வட்டாரம் நடுகல்லுக்குப் பேர்போனது. இதே சாலையில் சிங்காரப்பேட்டையைத் தாண்டினால் செங்கம். அங்கே கிடைத்த கற்களைத் தொகுத்துத் தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமே போட்டது. மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியைக் குத்திச் செத்தவன் என்று ஆளுக்கொரு கல். உடனே 'ஆக்மென்டட் ரியாலிட்டியை அன்றே கண்ட தமிழன்' என்று ஆரம்பித்துவிடாதீர்கள், நான் அந்தப் பக்கம் வரவில்லை. நடுகல்லை நட்டவர்கள் ஒருத்தனை இழந்தவர்கள். போக்கிஸ்டாப்பைப் பரிந்துரைப்பவனுக்கு வேண்டியது பத்து பந்து. இரண்டும் ஒன்றாகாது. எனக்கு ஆர்வமூட்டியது வேறு விஷயம். 'இங்கே நில், இந்த இடத்தில் ஒன்று இருக்கிறது' என்று ஊர் பேர் தெரியாதவனுக்கு எழுதிவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த நாலு வரி விவரணையை ஒரு எழுத்து வகையாகவே வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். வாசித்தால், பெரும்பாலும் மோசமான எழுத்து. கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்கச் சுற்றினாலும் 'முருகன் டெம்பிள்', 'ஓல்ட் டெம்பிள்', 'ஹனுமான் ஸ்டேச்சு' என்றே வருகிறது. மீசை முறுக்கிக் கத்தி பிடித்து உட்கார்ந்திருக்கும் முனியப்பன் ஒருவருக்கு 'வாரியர் ஸ்டேச்சு' என்று பெயர் வைத்திருந்ததைப் பார்த்தேன். எழுதினவனுக்குக் குற்றவுணர்ச்சி இருந்திருக்கும், ஆனால் ஓட்டுப் போடுகிறவன் வேறெங்கோ இருக்கிறான், அவனுக்குப் புரிய வேண்டுமே என்ற பயம். நம் சிறுகதைகளை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது வருகிற அதே பயம்தான். நான் எழுதிய முதல் விவரணையிலும் 'வில்லேஜ் காட்' என்றுதான் எழுதினேன். ரெண்டு நாள் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகை, ஒரு மணி நேரம் வரவில்லை.

விளையாட்டைப் பற்றிய பழைய கோட்பாடு ஒன்று உண்டு. டச்சு வரலாற்றாசிரியர் ஹாய்சிங்கா 1938-இல் எழுதியது. ஆட்டம் என்பது அன்றாட வாழ்க்கையிலிருந்து வட்டம் போட்டுப் பிரித்த இடத்தில் நடப்பது. ஆடுகளத்துக்குள் வந்தால் வெளி உலக விதிகள் கழன்றுவிடும். தெருவையே களமாக்குகிற இந்த ஆட்டத்தில் அந்தக் கோடு அழிந்துவிட்டது என்று பலரும் எழுதிவிட்டார்கள். எங்கள் தெருவில் ஏற்கெனவே போட்டிருக்கிற கோடுகளை அவர்கள் பார்த்ததில்லை.

என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருகிற அக்கா ஒருவர் என்னைவிட நன்றாக ஆடுவார். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவர். அவர் ஆடுவதெல்லாம் பஸ் நிற்கும் இடங்களில், ஹாஸ்டல் மொட்டை மாடியில். ராத்திரி ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நின்று ரெய்டு அடிக்க அவரால் முடியாது. "நீ போன பாத்துட்டு நின்னா பைத்தியம்னு நெனச்சுட்டு போயிடுவாங்க. நான் நின்னா யாருக்கு வெயிட் பண்றன்னு கேப்பாங்க" என்றார். 2020-இல் கொரோனா நேரத்தில் நிறுத்தத்தைத் தொடுவதற்கான தூரத்தை 40 மீட்டரிலிருந்து 80 மீட்டராக்கினார்கள், வீட்டிலிருந்தே ரெய்டில் சேரவும் வழி வந்தது. 2021-இல் பழையபடி குறைத்தபோது உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்து, அந்த ஆகஸ்டிலேயே 80 மீட்டரை நிரந்தரமாக வாங்கினார்கள். வெளியே போகச் சோம்பல் என்று அப்போது சிலர் அவர்களைக் கேலி செய்தார்கள். அக்காவைக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு நண்பன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அவன் ஊரில் இருக்கிற ஒரே நிறுத்தம் மேலத்தெருக் கோயில். "எனக்கென்னடா, 80 மீட்டர்ல நின்னே சுத்திக்குவேன். எங்க தாத்தாவும் அங்கேர்ந்துதான் கும்பிட்டாரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நான் சிரிக்கவில்லை. 2016 ஜூலையில், ஆட்டம் வந்த சில நாட்களிலேயே, ஓமாரி அகில் என்ற கறுப்பின அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். அக்கம்பக்கத்தில் போனும் கையுமாகச் சுற்றிவருவது ஒரு கறுப்பின ஆணுக்கு உயிராபத்து என்று உணர்ந்து ஆட்டத்தை நிறுத்தியதைப் பற்றி. அதே ஆண்டு செப்டம்பரில் குஜராத் உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு, கோயில்களில் முட்டை கிடைப்பது மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று. முட்டை உள்ளே போகலாமா என்று நீதிமன்றம் வரை கேட்ட அதே நாட்டில்தான் என் நண்பன் ரோட்டிலேயே நின்று வட்டைச் சுற்றுகிறான். ஆனாலும் அவன் ஆட்டத்தை விடவில்லை. ஏன்டா என்று கேட்டேன். அவர்கள் தெருப் பக்கம் இருக்கிற நூலகத்தையும் அம்பேத்கர் சிலையையும் பரிந்துரைத்திருக்கிறான், ரெண்டும் ஏறிவிட்டால் மேலத்தெருப் பையன்கள் பந்துக்கு இங்கே வர வேண்டியிருக்கும், அதைப் பார்க்காமல் விட மாட்டேன் என்றான். ஆட்டத்தில் தொடர்வதற்கான காரணங்களைப் பட்டியல் போட்ட எந்த ஆய்விலும் இதற்கு ஒரு கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

நிறுத்தத்தைச் சுற்றினால் சில சமயம் ஒரு பரிசுப் பொட்டலம் விழும். அதை நண்பர்களுக்குத்தான் அனுப்ப முடியும். திறந்தால் அந்த நிறுத்தத்தின் போட்டோவோடு ஒரு தபால் அட்டை. நான் எழுதி ஏற்றிய ஏரிக்கரை முனியப்பன் இப்படி மலேசியா, ஸ்பெயின், ஜப்பான் என்று போயிருக்கிறார், கீழே ஊத்தங்கரை என்ற பெயரோடு.

2025-இல் நியாண்டிக் போக்கிமான் கோ உள்ளிட்ட ஆட்டங்களை ஸ்கோப்லி நிறுவனத்துக்கு 350 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. ஸ்கோப்லி சவுதி அரசு நிதியின் கைக்குள் இருக்கிறது. வரைபட வேலையைத் தனி நிறுவனமாக வைத்துக்கொண்டார்கள். ஆட்டக்காரர்கள் நிறுத்தங்களைச் சுற்றிச் சுற்றி எடுத்துக் கொடுத்த வீடியோக்கள் இயந்திரத்துக்கு இடம் கற்றுக்கொடுக்கப் பயன்படுகின்றன என்று 2024 நவம்பரிலேயே அவர்களே சொன்னார்கள். நான் ஓசியில் ஊரை எழுதிக் கொடுத்தேன், ஜந்துக்கு ஆசைப்பட்டு. சூபாஃப் கடைசியில் ஜெயித்துவிட்டார் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே 2024-இல், டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் தண்ணீர் உருட்டிக்கொண்டு போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரண்ட் இல்லை. பவர் பேங்கில் போனை உசுப்பி எல்லோருக்கும் தகவல் சொன்ன பிறகு, பழக்க தோஷத்தில் ஆட்டத்தைத் திறந்தேன். வரைபடத்தில் தெரு காய்ந்தே இருந்தது. முனியப்பன் நின்ற இடத்தில் நீல வட்டு சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த ஆட்டத்துக்குள் நண்பர் பட்டியலில் பேச வசதி கிடையாது. ஆனால் நம் கூட நடக்கும் ஜந்துக்கு நாம் வைக்கிற பெயர் நண்பர்களுக்குத் தெரியும். பன்னிரண்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும். அதை மாற்றி மாற்றித்தான் பேசிக்கொள்வோம். கோலாலம்பூரில் இருக்கிற ஒருவர், முகம் தெரியாது, நிஜப் பெயரும் தெரியாது, மூன்று வருடமாகப் பொட்டலம் பரிமாறுகிறோம். அவர் தன் ஜந்துவின் பெயரை 'சேஃப் ஆ?' என்று மாற்றி வைத்திருந்தார். நான் பிட்ஜியை எடுத்துக் கூட நடக்க விட்டு, அதற்கு 'வீட்ல தண்ணி' என்று பெயர் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதையும் அழித்துவிட்டு 'ஓகே' என்று வைத்தேன்.